555 ஏட்டிலிருந்து திறன்பேசி வரை: பீடோர் வட்டாரத்தில் மின்பொருள் வணிகமும் கடனும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் கங்காணி முறைக்கும் தொழிற்சங்கத்துக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் அளித்த இடத்தில் ஒரு சிறு பங்கைக்கூடக் கடைக்கு அளித்ததில்லை. தோட்டத் தொழிலாளி என்ன ஈட்டினான் என்பது ஆராயப்பட்ட அளவுக்கு, அதை எங்கே, எவ்வாறு, யாரிடம் செலவிட்டான் என்பது ஆராயப்படவில்லை. அண்மைக் காலத்தில் இணைய வணிகத்தின் வருகையால் பெரிய மின்பொருள் விற்பனைக் கூடங்கள் நலிந்து வருவது உலகெங்கும் பேசப்படுகிறது. அப்பேச்சு பெரும்பாலும் விலையைப் பற்றியதாகவே அமைகிறது: இணையத்தில் மலிவு, ஆகவே கடை வீழ்ந்தது என்பது அதன் சுருக்கம். பீடோர் போன்றதொரு சிற்றூரிலிருந்து இதே நிகழ்ச்சியை நோக்குவோருக்கு விலையைவிடக் கடனே முன்னிற்கும். இங்கு மின்பொருள் கடை விற்றது பொருளை மட்டுமன்று. ரொக்கம் இல்லாதவனும் பொருளை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் வழியையும் அது விற்றது. அவ்வழியின் வரலாற்றைத் தொட்டுக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில், ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் இடையே பீடோர் அமைந்துள்ளது. ஈயமும் இரப்பரும் வளர்த்த ஊர் இது. பழைய நெடுஞ்சாலை ஊரின் ஊடே சென்றமையால், கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே பயணம் செய்தோர் நின்று உண்டு செல்லும் இடமாகவும் விளங்கியது. இவ்வூரின் பொருளியல் பத்தாண்டுகளுக்குள் இரு அடிகளைத் தாங்க வேண்டியதாயிற்று. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனைச் செலுத்த இயலாமல் முடங்கியபோது ஈயத்தின் விலை சரிந்தது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபோது வழிப்போக்கர் கூட்டத்தின் பெரும்பகுதி ஊருக்கு வெளியிலேயே கடந்து சென்றது. இவ்விடைவெளியில்தான் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் இரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதுமாகையால், லயங்களிலிருந்த குடும்பங்கள் பல வெளியேறின.

தோட்டத்துக் குடும்பத்தின் கடன் வாழ்க்கை மளிகைக் கடையில் தொடங்கிற்று. சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய குறிப்பேடு ஒன்று, அட்டையில் 555 எனும் எண் பொறிக்கப்பட்டது, இந்நாட்டில் எல்லா இனத்தாரிடமும் கடன் கணக்கின் மறுபெயராகவே ஆகிவிட்டது. மலாய்க்காரர் அதனை 'புக்கு தீகா லீமா' என்பர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பால்மாவு என வாங்கியவை அதில் ஏறும். சம்பள நாளன்று ஒரு பகுதி கழியும். எஞ்சியது அடுத்த மாதத்துக்குச் செல்லும். வட்டி என்று தனியே எழுதப்படாது. அது பொருளின் விலைக்குள்ளேயே கரைந்திருக்கும். தவுக்கேயிடம் வேறொரு பேரேடு இருக்கும். அது சீன எழுத்தில் அமைந்தமையால் வாடிக்கையாளரால் வாசிக்க இயலாது. ஏமாற்றத்துக்கு இடமுள்ள முறைதான் இது. ஆயினும் மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று கூலி குறையும்போது, காத்திருக்கக்கூடிய கடன்காரர் தவுக்கே ஒருவரே. அவருக்குத் தோட்டத்தின் வானிலை தெரியும்; எந்த வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார் என்பதும் தெரியும். இத்தகவலே அவருடைய பிணை.

மளிகைக்குப் பொருந்திய இம்முறை மின்பொருளுக்கு எளிதில் பொருந்தவில்லை. முதற்காரணம், மின்சாரமே இல்லை. பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை 1930இலேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. எனினும் அது ஈயச் சுரங்கங்களை முன்னிட்டு எழுப்பப்பட்ட அணை. தொழிலாளர் லயங்கள் அதன் கணக்கில் இல்லை. பல தோட்டங்களில் நிருவாகத்தின் மின்னாக்கி மாலையில் சில மணிநேரம் மட்டும் ஓடும். 1963 டிசம்பர் 28இல் மலேசியத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னரும், தோட்டத்தார் பெரும்பாலோர் படம் பார்த்தது பொது மண்டபத்துப் பெட்டியில்தான். சொந்தமாகப் பெட்டி வாங்கியோர் அதனை மகிழுந்து மின்கலத்தைக் கொண்டு இயக்கினர். கலம் தீர்ந்ததும் மிதிவண்டியின் பின்னால் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுசென்று மின்னேற்றி வருவர். மின்பொருள் கடை என்பது அக்காலத்தில் மின்னேற்றும் கடையும் பழுதுபார்க்கும் கடையுமாகவே இருந்தது. விற்பனை அதன் ஒரு மூலையில் நிகழ்ந்தது. குளிர்பதனப் பெட்டிக்கோ சலவை இயந்திரத்துக்கோ அங்கு வேலையே இல்லை.

இந்நிலையை மாற்றியதில் ஒரு சட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வணிக வரலாற்றாளர் அதனைப் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் தோட்ட முதலாளிகள் வீடுகளுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் வழங்க வேண்டுமென விதித்தது. நடைமுறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது உண்மையே. ஆனால் இடையறாத மின்சாரம் லயத்துக்குள் வந்த பின்னர்தான் குளிர்பதனப் பெட்டி கனவுப் பொருளாயிருந்த நிலை மாறித் தவணைப் பொருளாயிற்று.

அதே காலத்தில்தான் தவணை விற்பனையையே தன் தொழிலாகக் கொண்ட பெருங்கடையும் நாட்டில் கால்பதித்தது. 1850இல் இங்கிலாந்தின் கேண்டர்பரியில் தோன்றிய கோர்ட்ஸ் நிறுவனம் 1987இல் மலேசியாவுக்கு வந்தது. கோர்ட்ஸ் மெம்மத் எனும் பெயரில் அது பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிறுபட்டணங்களிலும் கிளை பரப்பியது. தளபாடமும் மின்பொருளும் ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டன. விலைச்சீட்டில் மொத்த விலையைவிட மாதத்தவணையே பெரிய எழுத்தில் தெரியும். இம்முறையைத் தொடக்கி வைத்தது கோர்ட்ஸ் அன்று. சிங்கர் நிறுவனம் அமெரிக்காவில் தையல் இயந்திரத்தைத் தவணையில் விற்கத் தொடங்கியது 1856இல். தமிழகத்தில் வி.ஜி.பன்னீர்தாஸ் நிறுவனம் தவணை வணிகத்தால் வளர்ந்ததும், அங்கு விற்பனையாளராக இருந்த எச்.வசந்தகுமார் 1978இல் சென்னையில் வசந்த் அண்ட் கோ கடையைத் தொடங்கி அதே முறையால் மாநிலம் முழுவதும் பரவியதும் இவ்வரலாற்றோடு வைத்து எண்ணத்தக்கவை.

தவணையின் உள்ளடக்கத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். 1967ஆம் ஆண்டு தவணைக் கொள்முதல் சட்டம் இத்தகைய பொருள்களுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு நேர்வட்டியை உச்சவரம்பாக வைத்தது. 1,200 ரிங்கிட் கடன் தொகைக்கு மூன்றாண்டு வட்டி 360 ரிங்கிட். மாதத்தவணை ஏறத்தாழ 43 ரிங்கிட். கேட்பதற்கு எளிதான தொகை. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் குறைந்துகொண்டே வர, வட்டியோ முழுத்தொகைக்கே கணக்கிடப்படுவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காட்டை எட்டுகிறது. இதன்மேல் நீட்டித்த உத்தரவாதக் கட்டணமும் சேரும். பெருங்கடையின் ஆதாயம் பெட்டியிலிருந்து வந்ததைக் காட்டிலும் இத்தாள்களிலிருந்து வந்தது எனல் மிகையாகாது.

இருப்பினும் அதே சட்டம் வாங்குபவனுக்குச் சில அரண்களையும் அமைத்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். படி ஒன்று வாங்குபவனிடம் தரப்பட வேண்டும். ஒரு தவணை தவறியவுடன் பொருளைத் தூக்கிச்செல்ல இயலாது. தொடர்ந்து இரு தவணைகள் தவறியிருக்க வேண்டும், முன்னறிவிப்பும் கொடுக்கப்பட வேண்டும். திருத்தப்பட்ட சட்டத்தின்படி, விலையில் 75 விழுக்காட்டுக்குமேல் செலுத்திவிட்டவனிடமிருந்து பொருளை மீட்க நீதிமன்ற ஆணை தேவை. ஒப்பந்தத் தாளின் மொழி லயத்து மூத்தோருக்கு எட்டாததாக இருந்தது என்பது வேறு செய்தி. பள்ளியில் படிக்கும் பிள்ளையே பெற்றோருக்கு அதனை வாசித்துப் பொருள் கூறியது. சீன எழுத்துப் பேரேட்டுக்குப் பதில் மலாய் அல்லது ஆங்கிலத் தாள். வாசிக்க இயலாமை மட்டும் மாறவில்லை.

இனிச் சரிவுக்கு வருவோம். அதனை இணையத்தின் தலையில் மட்டும் சுமத்துவது கால வரிசைக்கு முரணானது. கோர்ட்ஸின் பிரித்தானியத் தாய் நிறுவனம் 2004 நவம்பரில் வீழ்ந்தது. அப்போது மலேசியாவில் லசாடாவும் இல்லை, ஷோப்பியும் இல்லை. ஆசியக் கிளைகள் வேறு முதலீட்டாளரிடம் சென்று, 2012இல் சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையில் இடம்பெற்று, 2019இல் சப்பானின் நொஜிமா நிறுவனத்திடம் சேர்ந்தன. உள்நாட்டிலோ 1994இல் கர்ஃபூரும் 2002இல் டெஸ்கோவும் வந்து, தொலைக்காட்சிப் பெட்டியை அரிசி மூட்டைக்கு அருகில் வைத்து விற்கத் தொடங்கிவிட்டன. நெடுஞ்சாலை பீடோரிலிருந்து வழிப்போக்கரை எடுத்துச்சென்றதைப் போலவே, ஊர் மக்களையும் ஈப்போவின் பேரங்காடிகளுக்கு எடுத்துச்சென்றது. பட்டணத்து மின்பொருள் கடை முதலில் தோற்றது பெருங்கடையிடம். பெருங்கடை இணையத்திடம் தோற்கத் தொடங்கியது அதற்குப் பின்னரே.

லசாடா 2012இலும் ஷோப்பி 2015இலும் இந்நாட்டில் தொடங்கப்பட்டன. அமெரிக்காவில் சர்க்கிட் சிட்டி 2009இலேயே கதவடைத்துவிட்டது. நான் பிரிட்டனில் ஆய்வு மாணவனாக இருந்தபோது, 2012 இறுதியில், கோமெட் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கடைசி நாள்களில் மக்கள் தட்டுகளைக்கூட விலை பேசினர். மலேசியாவின் கதை அவ்வளவு விரைவாக முடியவில்லை. 1989இல் தோன்றிய செங்ஹெங் நிறுவனம் உறுப்பினர் திட்டத்தாலும் இணைய விற்பனையாலும் தன்னைக் காத்துக்கொள்ள முயன்று, 2022 சனவரியில் 1.07 ரிங்கிட் விலையில் பங்கு வெளியிட்டது. பின்வந்த ஆண்டுகளில் அப்பங்கின் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. 2020 மார்ச் 18இல் நடப்புக்கு வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, அதுவரை இணையத்தில் வாங்காத சிற்றூர்க் குடும்பங்களுக்கும் அப்பழக்கத்தை ஏற்படுத்தியது. பிள்ளைகளின் இணையவழிப் பாடத்துக்குத் திறன்பேசி தேவைப்பட்டது, கடைகள் மூடிக்கிடந்தன.

ஆயினும் பெருங்கடையிடம் எஞ்சியிருந்த வலிமையான தவணையை இணையம் கைப்பற்றியது 2020க்குப் பின்னர்தான். இப்போது வாங்கிப் பின்னர் செலுத்தும் வசதி திறன்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. பிணையாள் வேண்டியதில்லை, சம்பளச் சீட்டையும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்துள்ள போதிலும், தோட்டத்திலிருந்து வந்து தொழிற்சாலையிலோ பாதுகாவல் பணியிலோ இருக்கும் குடும்பத்துக்கு ஒரே முறையில் 1,500 ரிங்கிட் எடுத்துவைப்பது எளிதன்று. ஆதலால் அவர்கள் இதனை நாடுவதில் வியப்பில்லை. என் கவலை வேறு. 1967ஆம் ஆண்டுச் சட்டம் கடைசித் தவணைவரை பொருள் விற்றவனுக்கே உரியது என்னும் அடிப்படையில் எழுந்தது. அதன் அரண்கள் பல பொருளை மீட்பது குறித்தவை. புதிய கடனில் பொருள் அன்றே வாங்கியவனுக்குச் சொந்தம், மீட்பதற்கு எதுவுமில்லை. எனவே அவ்வரண்களும் இங்குப் பொருந்தா. குளிர்பதனப் பெட்டியைத் தூக்கிச்செல்ல வந்தவரோடு வாசலில் நின்று வாதாட முடிந்தது. தாமதக் கட்டணத்தோடும் கடன் மதிப்பீட்டோடும் எவ்வாறு வாதாடுவது? 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நுகர்வோர் கடன் சட்டம் இக்கடன் வழங்குநரை உரிமத்துக்கும் கண்காணிப்புக்கும் உட்படுத்துகிறது. 1967இல் கிடைத்த அரண்களுக்கு ஈடானவை இதனால் கிடைக்குமா என்பதைச் சட்டம் நடைமுறைக்கு வரும் விதமே காட்டும்.

ஆய்வாளருக்கு இதில் உடனடியான பணி ஒன்று உண்டு. 555 ஏடுகளும், தவணை அட்டைகளும், நெகிழி உறைக்குள் திருமணப் பதிவோடும் பிறப்புப் பத்திரத்தோடும் சேர்த்து வைக்கப்பட்ட கொள்முதல் ஒப்பந்தங்களும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. தோட்டத்துக் குடும்பம் எந்த ஆண்டில் வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கும், அதிலிருந்து குளிர்பதனப் பெட்டிக்கும் சென்றது, அதற்காக எத்தனை மாதம் கடன்பட்டது என்பதற்கு அவற்றைவிட நேரடியான சான்று வேறில்லை. சில பற்றுச்சீட்டுகள் வெப்பத்தாளில் அச்சானவை. அவற்றின் எழுத்து ஏற்கெனவே வெளுத்துவிட்டது. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குச் செல்வதும் இத்தாள்கள்தாம். பல்கலைக்கழக மாணவர் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது தம் வீட்டு அலமாரியிலிருந்தே இத்தேடலைத் தொடங்கலாம். தீபாவளிக்கு முந்திய மாதங்களின் பக்கங்களை முதலில் பார்க்கும்படி என் மாணவர்களிடம் கூறுவதுண்டு. முன்பணம் கைக்கு வந்த அம்மாதங்களில்தான் புதிய கணக்குகள் பெரும்பாலும் திறக்கப்பட்டன.