நாற்பதில் இரண்டு வரி

1930 ஏப்ரலில் அமெரிக்கக் கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டியபோது, பங்குச்சந்தை சரிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆலைகள் ஆட்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அரசோ, வேலை தேடி அலைபவர்கள் சுமார் 24 லட்சம் பேர்தான் என்றது. ‘தற்காலிகமாக’ நிறுத்தப்பட்டவர்களைத் தனிக் கட்டத்தில் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கணக்கைக் கவனித்த சார்லஸ் பெர்சன்ஸ் பொறுக்கமாட்டாமல் ராஜினாமா செய்தார். வேலையில்லாதவர்களை எண்ணியவருக்கே வேலை இல்லை!

உண்மையான எண்ணிக்கை என்ன? ஆண்டுகள் ஓடின, யாருக்கும் தெரியவில்லை. 1937 நவம்பரில் தபால்காரர்கள் வீட்டுக்கு வீடு ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேலையில்லாதவர்கள் அதை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். 78 லட்சம் பேர் அனுப்பினார்கள். அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் சில புள்ளியியலாளர்களுக்குச் சந்தேகம் தீரவில்லை.

தபால் வழித்தடங்களில் நூற்றுக்கு இரண்டை மட்டும் பொறுக்கியெடுத்து, அங்கே தபால்காரர்களையே ஒவ்வொரு வீட்டிலும் விசாரிக்கச் சொன்னார்கள். அதை வைத்து நாட்டுக்கே கணக்குப் போட்டபோது, கிட்டத்தட்ட 1 கோடியே 10 லட்சம் வந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறையோடு நிற்கவில்லை. நாடு முழுக்க அனுப்பிய அட்டையைச் சிறு மாதிரி தோற்கடித்துவிட்டது. அடுத்த பெரிய கணக்கெடுப்புக்கு இரண்டரை ஆண்டுகூட இல்லை.

1940 படிவத்தில் பக்கத்துக்கு 40 வரி. அதில் இரண்டு வரிகளுக்கு மட்டும் அடையாளம். அந்த வரியில் யார் பெயர் விழுகிறதோ, அவருக்குக் கூடுதல் கேள்விகள். முந்தைய ஆண்டுச் சட்டத்தின் புண்ணியத்தில் வீட்டுக் கணக்கும் முதல்முறையாகச் சேர்ந்துகொண்டது: குழாய்த் தண்ணீர் உண்டா, கழிப்பறை உள்ளேயா வெளியேயா, ரேடியோ இருக்கிறதா? நூற்றுக்கு 45 வீடுகளில் முழுமையான குழாய் வசதி இல்லை என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கெல்லாம் யாரும் சண்டைக்கு வரவில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டதும் பற்றிக்கொண்டது.

நியூ ஹாம்ப்ஷயர் செனட்டர் சார்லஸ் டோபி கொதித்தெழுந்தார். பதில் சொல்லாதீர்கள் என்று மக்களை உசுப்பினார். அரசு கொஞ்சம் இறங்கிவந்தது: கணக்கெடுப்பவரிடம் சொல்லக் கூச்சமா, உறையில் போட்டு ஒட்டி அனுப்பலாம். 5,000 டாலருக்கு மேல் என்றால் சரியான தொகையைப் படிவம் முதலிலேயே கேட்கவில்லை. கடைசியில் உறையைத் தேடியவர்கள் மிகச் சொற்பம்.

அந்த இரண்டு வரி பின்னாளில் நீளப் படிவமாக வளர்ந்தது. 2000-ல் ஆறு வீட்டுக்கு ஒன்று என அதை அனுப்பினார்கள். 2005 முதல் அதன் இடத்தில், ஆண்டு முழுவதும் ஓயாமல் நடக்கும் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு. இன்று இணையத்தில் எந்தக் கவுண்டியின் (மாவட்டத்தின்) பெயரைத் தட்டினாலும் மக்கள், வருமானம், வாடகை என்று விரியும் அட்டவணை அங்கிருந்துதான் வருகிறது. 65,000 பேருக்குக் குறைந்த ஊர்களின் முழு அட்டவணைக்கு ஐந்தாண்டு விவரங்களைச் சேர்த்துத்தான் கணக்கு.

டெக்சாஸின் லவிங் கவுண்டிக்கும் அதே அட்டவணை, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்போடு. 2020-ல் அங்கே இருந்தவர்கள் 64 பேர். ஒரே பந்தியில் உட்காரவைத்து எண்ணிவிடலாம்.