செயற்கை நுண்ணறிவு: ஒரு பெயர் வந்த வழி

இன்று எல்லார் வாயிலும் புழங்கும் இந்தப் பெயரின் ஆங்கில மூலம், நிதி கேட்டு எழுதிய ஒரு விண்ணப்பத்தில் பிறந்தது. 1955 ஆகஸ்ட் 31 தேதியிட்ட அந்தக் கடிதம் ராக்பெல்லர் அறக்கட்டளைக்குப் போனது. ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நத்தானியல் ரோச்செஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வர் கேட்டது 13,500 டாலர்; கிடைத்தது 7,500. அந்தப் பணத்தில்தான் 1956 கோடையில் டார்ட்மவுத் கல்லூரிக் கூட்டம் நடந்தது.

பெயர் மெக்கார்த்தியுடையது. அதற்குமுன் ஷானனோடு சேர்ந்து ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு 'ஆட்டோமேட்டா ஸ்டடீஸ்' என்று அடக்கமாகப் பெயரிட்டிருந்தார். வந்த கட்டுரைகளில் தானியங்கிகளின் கணிதம் நிறைய இருந்தது, அறிவைப் பற்றிய பேச்சு குறைவு. இந்த முறை நோக்கத்தைப் பெயரிலேயே சொல்லிவிட அவர் முடிவு செய்தார். இன்னொரு காரணமும் உண்டு. அப்போது செல்வாக்கோடு இருந்த சொல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனரின் 'சைபர்நெடிக்ஸ்'; சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வீனரைக் குருவாக ஏற்கவோ அவரோடு வாதாடவோ விருப்பமில்லாமல் அந்தச் சொல்லைத் தவிர்த்ததாக மெக்கார்த்தியே பின்னாளில் எழுதினார். டார்ட்மவுத்துக்கு வந்த ஹெர்பர்ட் சைமனுக்கும் ஆலன் நியூவெலுக்கும் புதுப்பெயர் பிடிக்கவில்லை. தங்கள் வேலையைச் 'சிக்கலான தகவல் செயலாக்கம்' என்றே பல காலம் சொல்லி வந்தார்கள்.

தமிழில் பெயரின் கனம் கூடிவிட்டது. 'செயற்கை' செய்யப்பட்டது என்பதை நேராகச் சொல்லும் நல்ல சொல். ஆனால் 'நுண்ணறிவு' அறிவோடு நுட்பத்தையும் சேர்த்தே தந்துவிடுகிறது. (உளவியல் பாடநூலின் 'நுண்ணறிவு ஈவு', காவல்துறையின் 'நுண்ணறிவுப் பிரிவு' இரண்டிலும் இருப்பது இதே சொல்தான்.)

எனக்கு உண்மைக்கு நெருக்கமாகப் படுவது மற்றொரு பெயர்: 'இயந்திரக் கற்றல்'. ஐபிஎம்மில் பணியாற்றிய ஆர்தர் சாமுவேல் 1959இல் அதைத் தன் கட்டுரைத் தலைப்பில் வைத்தார். அவருடைய நிரல் செக்கர்ஸ் ஆட்டத்தைத் தனக்குத்தானே ஆடி, காய்நிலைகளுக்குத் தரும் மதிப்பெண்களைத் திருத்திக்கொண்டது. நடக்கும் வேலையைத்தான் இந்தப் பெயர் சொல்கிறது. அதற்கு மேல் எதையும் வாக்களிக்கவில்லை.

மெக்கார்த்தியின் பெயர் வாக்களித்தது. வாக்கு பொய்த்தபோதெல்லாம், 1973இல் பிரிட்டனில் இந்த ஆய்வுத்துறையைக் கடுமையாக விமர்சித்த லைட்ஹில் அறிக்கைக்குப் பின்னும் 1980களின் இறுதியில் அமெரிக்காவிலும், நிதி வற்றியது. ஆய்வாளர் பலர் அந்தப் பெயரையே உச்சரிக்கத் தயங்கினார்கள்.

2024இல் ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹிண்டனுக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக் குறிப்பில் இடம்பெற்ற பெயர் 'இயந்திரக் கற்றல்'.