ஈகையின் இருமுகம்: போர்க்காலத் தாள் சான்றுகள்

மன்னர்தம் கொடையைக் கல்வெட்டும் செப்பேடும் காத்து நின்றன. எளியோர் ஈந்த காசுக்குச் சான்றாக எஞ்சுபவை பற்றுச்சீட்டு, வில்லை, அஞ்சல்தலை முதலிய தாள்களே. அவற்றைத் திரட்டுவோர் கொடுத்த கையோடு வாங்கிய கையையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும். செருமனியின் 'குளிர்கால உதவிப் பணி' இதற்குத் தக்க சான்றாகும்.

1933ஆம் ஆண்டு இட்லரின் அரசு இதனைத் தொடங்கியது. குளிர்காலந்தோறும் ஏழையர்க்கு உணவும் உடையும் எரிபொருளும் வழங்கப்பெற்றன. அந்நாளைய நிலக்கரிச் சீட்டுகளைத் திரட்டுவோர் இன்றும் போற்றி வைத்துள்ளனர். 'லெக்கோ' கட்டிகளை அடுப்பிலிட்டுப் பழகிய நெய்வேலிக் குடும்பங்களுக்கு அச்சீட்டின் அருமை எளிதில் விளங்கும். எனினும் அதன் மறுபக்கம் இருண்டது. ஊதியத்திலேயே நன்கொடை பிடித்தம் செய்யப்பட்டது. கொடுத்தோர் தம் வீட்டுக் கதவில் ஒட்டிவைக்க மாதந்தோறும் ஒரு வில்லை தரப்பட்டது. வில்லையில்லாக் கதவு ஐயத்திற்குரியதாயிற்று. 1935 முதல் யூதர் இவ்வுதவியினின்று விலக்கப்பட்டனர். குளிர் இனம் பார்த்து வருத்துவதில்லை. கொடையோ இனம் பார்த்தது.

அதே செருமனியின் தலைநகர் பெர்லினில், 1943ஆம் ஆண்டளவில், இந்திய விடுதலைக்கென 'ஆசாத் இந்து' அஞ்சல்தலைகள் அச்சாயின. அவற்றுட் பலவற்றில் அஞ்சல் விலையோடு நன்கொடைத் தொகையும் பொறிக்கப்பட்டிருந்தது. காயமுற்ற வீரனைப் பேணும் செவிலியின் உருவம் ஒன்றில் அமைந்தது. ஆயினும் அவை அஞ்சலில் வழங்கப்படவேயில்லை.

விடுதலைப் போருக்கான நிதி உண்மையில் திரண்டது தென்கிழக்காசியாவிலேயே. 1943 சூலையில் சிங்கப்பூர் வந்தடைந்த நேதாசியின் அழைப்பை ஏற்று, மலாயாத் தமிழர் பலர் காசும் நகையும் ஈந்தனர். தோட்டத் தொழிலாளர் பலர் படையிலும் சேர்ந்தனர். 1944 ஏப்ரலில் இரங்கூனில் ஆசாத் இந்து வங்கி தோன்றியது. அவ்வீகை உள்ளம் உருகச் செய்வது. ஆனால் தயங்கிய செல்வர்மீது வற்புறுத்தலும் இருந்தது. அக்காலத்திலேயே சப்பானியர் சயாம்-பர்மா இருப்புப்பாதைப் பணிக்குக் கொண்டுசென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். பொன் கொடுத்தவர்க்குப் பற்றுச்சீட்டு உண்டு; உயிர் கொடுத்த இவர்க்கு அதுவும் இல்லை.

எனவே தாளைச் சேர்ப்பதோடு திரட்டுவோர் பணி முடிந்துவிடுவதில்லை. கொடுத்தவர் யார், எவ்வூரினர், மனமுவந்து கொடுத்தாரா, அஞ்சிக் கொடுத்தாரா என்பனவற்றை மூத்தோரிடமும் அவர்தம் மக்களிடமும் கேட்டு உடன் எழுதிவைத்தல் வேண்டும். பல மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறிய மக்களைக் கொண்டது நெய்வேலி. மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பிய முன்னோரின் தாள்கள் இங்குள்ள பழம்பெட்டிகளிலும் உறங்கக்கூடும். கறையான் அரிக்குமுன், பழந்தாள் கடைக்குச் செல்லுமுன், அவற்றை ஒருமுறை விரித்துப் படித்தல் நலம். ஏடு தேடி அலைந்த முன்னோர்வழி வந்த தமிழர்க்கு அது புதிய கடமையன்று.