ஓய்வு பெற்ற காப்டன்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும், "அப்பாடா!" என்று மூச்சு விடுகிறவர்கள் ஒரு வகை. உட்கார்ந்த மறு நாளே, பிரம்பு குத்துகிறது என்று எழுந்து நிற்கிறவர்கள் இன்னொரு வகை. காப்டன் ஜேம்ஸ் குக் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்.

குக்கை அறியாதவர்கள் இருக்க முடியாது. யார்க்ஷயரில் ஒரு பண்ணைக் கூலியாளின் மகனாக 1728-ம் ஆண்டு பிறந்தவர். நிலக்கரிக் கப்பலில் தொழில் பழகி, கடற்படையில் சேர்ந்து, இரண்டு முறை உலகத்தைச் சுற்றி வந்தவர். அவருடைய 'எண்டவர்' கப்பலின் பெயரைத்தான் பிற்காலத்தில் அமெரிக்கர்கள் தங்கள் விண்வெளி ஓடம் ஒன்றுக்குச் சூட்டினார்கள். யாரும் போகாத இடத்துக்குப் போகிறவர்களுக்கெல்லாம் அவர் ஒரு மூத்த பாட்டனார் மாதிரி!

இரண்டாவது பிரயாணம் முடிந்து 1775-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் அவர் தாயகம் திரும்பியபோது வயது 46. சர்க்கார் அவரைக் கௌரவிக்க நினைத்தது. லண்டனுக்கு அருகிலுள்ள கிரீனிச் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு பதவி கிடைத்தது. ஆஸ்பத்திரி என்றதும் மருந்து வாசனையை நினைக்க வேண்டாம். வயதான மாலுமிகள் கடைசிக் காலத்தை நிம்மதியாகக் கழிப்பதற்காகக் கட்டிய மாளிகை அது. குடியிருக்க ஜாகை, வருஷத்துக்கு 230 பவுன் சம்பளம், வேலையோ அதிகம் இல்லை. வேறு என்ன வேண்டும்?

ஆனால் குக் அந்தப் பதவியை ஒப்புக்கொள்ளும்போதே ஒரு நிபந்தனை போட்டார். தேவைப்பட்டால் மறுபடி கடலுக்குப் போகத் தம்மை விட்டுவிட வேண்டும் என்று. சில நாட்களுக்குப் பிறகு, தாம் முதன்முதலில் தொழில் கற்ற பழைய எஜமானருக்கு ஒரு கடிதம் எழுதினார். தென்பாதி உலகமே போதாமல் இருந்த தமக்கு இந்த ஆஸ்பத்திரி எல்லை எப்படிப் போதும் என்று அதில் அங்கலாய்த்துக்கொண்டார். பிரம்பு குத்த ஆரம்பித்துவிட்டது!

அந்தச் சமயம் அரசாங்கம் இன்னொரு பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. வட அமெரிக்காவுக்கு மேலே பனிக்கடல் வழியாகப் பசிபிக்கிலிருந்து அட்லாண்டிக்குக்கு வழி உண்டா என்று பார்க்க வேண்டும். கண்டுபிடிக்கும் கப்பலுக்கு 20,000 பவுன் பரிசு. யாரைத் தலைவராக அனுப்புவது? கடற்படை மந்திரி ஸாண்ட்விச் பிரபு, குக்கை விருந்துக்கு அழைத்து யோசனை கேட்டார். பேச்சு சூடு பிடித்ததும் குக் துள்ளி எழுந்து, தாமே போவதாகச் சொல்லிவிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய கிப்பிஸ் சொல்கிறார். ஸாண்ட்விச் பிரபு எதிர்பார்த்தது இதைத்தான் என்பதில் சந்தேகமில்லை. யோசனை கேட்பது போல் ஆளைப் பிடிக்கும் வித்தை எல்லாத் தேசங்களிலும் உண்டு அல்லவா? 1776 பிப்ரவரியில் உத்தரவு கைக்கு வந்தது.

வீட்டில் மனைவி எலிஸபெத் அப்போது கர்ப்பவதி. பிறந்த குழந்தைகளில் மூன்றை ஏற்கனவே பறிகொடுத்தவள். கடைசி மகன் மே மாதம் பிறந்தான். ஜூலையில் தகப்பனார் புறப்பட்டுவிட்டார்.

இனி, அவர் சேர்த்த ஆட்களைப் பார்ப்போம். இரண்டு கப்பல்களுக்குமாகச் சுமார் 180 பேர். இரண்டாவது கப்பலான 'டிஸ்கவரி'க்குத் தலைவர் சார்லஸ் கிளார்க். குக்கின் முந்திய இரு பிரயாணங்களிலும் உடன் சென்றவர். தமையனாரின் கடனுக்கு ஜாமீன் நின்று, புறப்படும் சமயத்தில் சிறையில் கிடந்தார்! அதனால் குக் புறப்பட்டுச் சில வாரங்கள் கழித்தே அவரால் பின்தொடர முடிந்தது. சிறையிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து க்ஷயரோகம். அடுத்தவர் ஜான் கோர். உலகைப் பலமுறை சுற்றிய பழுத்த மாலுமி. இளைஞர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் 'பௌண்டி' கப்பல் கலகத்தில் பெயர் அடிபட்ட வில்லியம் ப்ளை அப்போது 21 வயதுப் பிள்ளை. தம் பெயரால் ஒரு கனடா நகரத்தையே பெறப்போகிற வான்கூவருக்கு இருபதுகூட நிரம்பவில்லை.

இவர்களையெல்லாம் சரித்திரம் ஞாபகம் வைத்திருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுகிறவர் வேறொருவர். வில்லியம் வாட்மன் என்ற சாதாரண மாலுமி. கடற்படைச் சிப்பாயாக 21 வருஷம் உழைத்துவிட்டு, குக்கின் இரண்டாவது பிரயாணத்தில் மாலுமியாகச் சேர்ந்தவர். திரும்பி வந்ததும் குக்குக்குக் கிரீனிச்சில் பதவி கிடைத்த அதே சமயத்தில் இவருக்கும் அங்கே இடம் கிடைத்தது. வாழ்நாள் முழுவதும் சாப்பாடு, படுக்கை, துணிமணி. காப்டன் மறுபடி கடலுக்குப் போகிறார் என்று தெரிந்ததும் கிழவர் அத்தனையையும் உதறிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அப்படி நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்த கப்பல் எப்படிப்பட்டது? 'ரெஸல்யூஷன்' மூன்று வருஷம் அடிபட்டு வந்த கப்பல். டெட்போர்டு துறையில் அதைப் பழுது பார்த்தது அரைகுறை. முன்பெல்லாம் ஒவ்வொரு ஆணியையும் கவனித்த குக், இந்தத் தடவை தம் பிரயாணப் புத்தகத்தை எழுதி முடிப்பதில் மூழ்கியிருந்தார். ஆட்களைத் தேர்ந்தெடுத்த கண் பலகையைப் பார்க்கத் தவறியது. கடலில் இறங்கியதுமே கப்பல் ஒழுகிற்று.

வட கடலில் பனிச்சுவர் வழியை மறித்தது. குளிர்காலத்துக்காக ஹவாய்த் தீவில் தங்கினார்கள். 1779 பிப்ரவரி 1-ந் தேதி வாட்மன் வாதம் தாக்கி இறந்தார். தீவின் தலைவர்கள் விரும்பியபடி, தங்கள் கோயில் மேட்டிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். தீவுவாசிகள் குழியில் தேங்காயும் வாழைக்காயும் போட்டு மரியாதை செய்தார்கள்.

மூன்று நாள் கழித்துக் கப்பல்கள் புறப்பட்டன. புயலில் 'ரெஸல்யூஷ'னின் முன் பாய்மரம் பழுதாயிற்று. அந்தப் பாய்மரம் சரியாக இருந்திருந்தால், அவர்கள் திரும்பியிருக்க வேண்டியதில்லை. திரும்பினார்கள். இம்முறை வரவேற்பு இல்லை. படகு ஒன்று களவு போயிற்று. அதை மீட்பதற்காகக் குக் தீவின் அரசரையே பிணையாகப் பிடித்துவரக் கரையில் இறங்கினார். தங்கள் அரசரைக் கொண்டுபோவதை எந்த ஜனங்கள்தான் பொறுப்பார்கள்? பிப்ரவரி 14-ந் தேதி கடற்கரையில் நடந்த சண்டையில் குக்கும் நான்கு சிப்பாய்களும் மாண்டார்கள். தீவுவாசிகளிலும் பலர் இறந்தார்கள்.

தலைமை ஏற்ற கிளார்க், மறுபடி வடக்கே பனியோடு போராடிவிட்டு, ஆகஸ்டில் க்ஷயத்துக்கு இரையானார். மிஞ்சிய கோர் 1780 அக்டோபரில் இரு கப்பல்களையும் ஊர் கொண்டுவந்து சேர்த்தார். எலிஸபெத் ஆறு குழந்தைகளையும் பறிகொடுத்து, 1835 வரை விதவையாக வாழ்ந்தாள்.

குக் கூப்பிட்டவர்கள் ஏன் வந்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. பரிசும் பதவியும் இளைஞர்களை இழுத்திருக்கும். ஆனால் கடைசிவரை சோறு நிச்சயமான இடத்தை விட்டு எழுந்து வந்த கிழவரை இழுத்தது ஒரு மனிதர்மேல் வைத்த நம்பிக்கை. அப்படி நம்பி ஒருவர் வருகிறார் என்றால், அழைத்துப் போகிறவர் பலகையைத் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

கிரீனிச்சில் குக் காலி செய்த பதவி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த ஜாகையும் சம்பளமும் ஜான் கோருக்குக் கிடைத்தன. 1790-ல் இறக்கும் வரையில் அவர் கடல் பக்கம் போகவேயில்லை.