சிலேடையும் சிரிப்பும்

நகைச்சுவை என்பது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று கருதுவோர் நம்மிடையே உளர். பண்டைத் தமிழர் அவ்வாறு கருதினாரல்லர். தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடம் நான்கெனக் கூறி, அந்நான்கினுள்ளும் எள்ளலை முன்னிறுத்துகிறது.

எள்ளலுக்குச் சிறந்த துணை சிலேடை. சொல் ஒன்றாயிருக்கப் பொருள் இரண்டாய் நிற்பதே சிலேடையாம். 12ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தண்டியலங்காரம் இதனைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இருவகைப்படுத்தும். சொல்லைப் பிரியாமலே இரு பொருள் தருவது முன்னது. ‘மாலை’ என்பது பொழுதையும் பூந்தொடையலையும் குறித்தல் போல. பிரித்தவிடத்து வேறு பொருள் தருவது பின்னது. ‘பலகை’, ‘பல கை’ ஆதல் போல.

ஒரு கூட்டத்தில், “தலைவருக்கு மாலை எப்போது?” என ஒருவர் வினவ, “ஐந்து மணிக்குமேல் எல்லோருக்கும் மாலைதான்” என மற்றவர் விடை பகர்ந்தால் சபை நகைக்கும். காரணம் யாது? செவி பூவை எதிர்பார்க்க, விடை பொழுதைக் கொணர்ந்து நிறுத்துகிறது. ஏமாந்த அறிவு, அவ்விடையும் பொருத்தமானதே என உணர்ந்த கணத்தில் சிரிப்புப் பிறக்கிறது. இரண்டாம் பொருள் பொருந்தாவிடின் ஏமாற்றமே மிஞ்சும்.

15ஆம் நூற்றாண்டினராகிய காளமேகப் புலவர் இக்கலையில் தலைசிறந்தவர். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கினார். ‘நஞ்சு’ என்பது பாம்பினிடத்து விடம். பழத்தினிடத்து நைந்து கனிந்த நிலை. தோலுரித்தல் இரண்டிற்கும் உண்டு. பாம்பென்று அஞ்சிய மனம் பழத்தைக் கண்டு நகைக்கிறது.

அவரே வசை பாடுவதிலும் வல்லவரெனப் பெயர் பெற்றார். இங்கேதான் நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். எள்ளல் சொல்லின்மேல் நின்றால் கலை. மனிதர்மேல் பாய்ந்தால் கொடுமை. விளையாட்டிலும் இகழ்ச்சி துன்பந் தருமென வள்ளுவர் 995ஆம் குறளில் உணர்த்தினார். பிறர் சாதியையும் பெண்டிர் உடலையும் இரட்டைப் பொருளில் இழித்துரைத்து, யாரேனும் கேட்டால், “அப்பொருளில் சொல்லவில்லையே” என நழுவுதல் கோழைத்தனம். சிலேடை அதற்கு ஒளிவிடமாதல் கூடாது.

மற்றொன்றும் கூறவேண்டும். ஒரு பொருளே அறிந்தவருக்குச் சிலேடை இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளிடம் மேற்கூறிய வேடிக்கையைச் சொல்லிப் பாருங்கள். பூமாலையை மட்டும் அறிந்து, பொழுதைப் பிறமொழியாற் குறிக்கும் பிள்ளை நகையாது. நாம் விளக்கத் தொடங்குவோம். விளக்கிய வேடிக்கையோ வேடிக்கையாகாது. ஒரு சொல்லின் ஒரு பொருள் மறையுந்தோறும் நம் வீட்டில் ஒரு சிரிப்பு மறைகிறது.

ஆகவே ஆசிரியரும் பெற்றோரும் செய்யுளை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாது, சிலேடை கூறிச் சிரிக்கவும் வைப்பாராக. தமிழில் சிரிக்கக் கற்ற பிள்ளை தமிழை எளிதில் கைவிடாது.