புதுக் கார் பழுதானால்: மூன்று மாதக் கணக்கும் ஒரு கடிதமும்

புதிதாக வாங்கிய கார் பழுதென்றால் இலங்கையில் யாரிடம் போவது என்ற கேள்வி கடந்த ஒரு வருடமாக என்னிடம் அடிக்கடி வருகிறது. காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 ஆம் திகதிதான் மீண்டும் திறந்தது. அதுவரை பழைய வாகனங்களை எரிவிலைக்கு வாங்கி ஓட்டியவர்கள் புதிதாக ஒன்றை எடுக்கத் தொடங்கினார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கும் எங்கள் ஆட்களில் பலருக்கு அது வாழ்க்கையில் வாங்கும் முதல் புது வாகனம். வன்னியில் விட்டுவந்த மோட்டார் சைக்கிளுக்கும் உழவு இயந்திரத்துக்கும் பிறகு, வெளிநாட்டில் இருக்கும் ஒரு அண்ணனோ மாமாவோ அனுப்பிய காசில் முற்பணம் கட்டி, மிச்சத்தை லீசிங்கில் போட்டு எடுத்த வாகனம். அது ஓடினால்தான் தவணையும் ஓடும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை அகற்றிவிட வேண்டும். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர், "முப்பது நாளைக்குள்ள திருப்பிக் குடுத்துக் காசை வாங்குங்கோ" என்று தொலைபேசியில் சொல்லுவார். அவர் சொல்வது அங்கே சரி. பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டுச் சட்டம் பழுதான பொருளை 30 நாட்களுக்குள் நிராகரிக்கும் உரிமையைத் தருகிறது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982 இலேயே பழுதான புதுக் கார்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் கார்களுக்கென அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆனால் எதுவுமே இல்லை என்பதும் பொய். இருப்பவற்றைச் சரியான நேரத்தில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நேரம் என்பதுதான் இங்கே முழு விடயமும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம்தான் முதல் வழி. (செய்திகளில் நுகர்வோர் அதிகாரசபை என்று வருவதும் இதே நிறுவனம்தான்.) அதன் 13 ஆம் பிரிவின்படி, விற்பனையாளர் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ தந்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருள் பற்றி நாம் முறையிடலாம். விசாரணைக்குப் பிறகு, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அதிகாரசபை உத்தரவிட முடியும். நிபந்தனை இரண்டு. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

டீலர் தரும் வாரண்டி மூன்று வருடம், ஐந்து வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, அவசரம் இல்லை என்று நினைத்து விடுகிறோம். வாரண்டி என்பது டீலரின் வாக்குறுதி, மூன்று மாதம் என்பது அரச அதிகாரசபையிடம் போவதற்கான காலம். இரண்டும் வெவ்வேறு கடிகாரங்கள்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அத்தானின் கதையில் நடந்தது இதுதான். வாடகைக்கு ஓட்டவென்று ஒரு சிறிய ஓட்டோ கியர் கார் எடுத்தார். டீலரின் பெயரோ காரின் பெயரோ இங்கே தேவையில்லை. இரண்டாவது கிழமையே காலையில் எடுக்கும்போது முதல் கியரிலும் ரிவேர்ஸிலும் கார் உதறத் தொடங்கியது. காலி வீதி நெரிசலில் பிரேக்கை விட்டதும் ஒரு துள்ளல். ஷோரூமில் இருந்த தமிழ்ப் பொடியன் நல்லவன். "ஒண்டும் யோசிக்காதீங்க அண்ணே, புதுசு தானே, ஓட ஓடச் சரியாகிடும்" என்றான். அடுத்த முறை, "சொஃப்ட்வெயார் அப்டேட் ஒண்டு வருது, வாற கிழமை கொண்டு வாங்க". அதற்கடுத்த முறை இஞ்சினியர் லீவு. ஒவ்வொரு முறையும் தேநீர் கொடுத்தார்கள். ஒரு முறைகூட யாரும் சத்தமாகப் பேசவில்லை. இப்படியே எழுபத்தைந்து நாள் போய்விட்டது.

எனக்கு அந்த மரியாதையில்தான் சந்தேகம். சண்டை பிடிக்கும் டீலரிடம் நாம் உடனே கடிதம் எழுதுவோம். தேநீர் கொடுக்கும் டீலரிடம் எழுதக் கூச்சப்படுகிறோம்.

நான் கேட்டது ஒரே கேள்வி: "அத்தான், ஜொப் கார்ட் எத்தனை இருக்கு?" நான்கு முறை போனவரிடம் ஒரேயொரு தாள் இருந்தது. அதில் ஆங்கிலத்தில் "குறை எதுவும் காணப்படவில்லை" என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. மற்ற மூன்று முறையும் "சும்மா பார்த்துத் தாறம்" என்று உள்ளே கொண்டுபோய்த் திருப்பித் தந்திருக்கிறார்கள். கணக்கில் அந்த மூன்று வருகையும் நடக்கவேயில்லை.

ஆகவே வாகனத்தை ஒவ்வொரு முறை உள்ளே விடும்போதும் ஜொப் கார்ட் திறக்கச் சொல்லுங்கள். கிலோமீற்றர், திகதி, நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். முறைப்பாட்டை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். "கியர் செக்" என்று அவர்கள் எழுதுவது போதாது. "குளிர்ந்த எஞ்சினில் முதல் கியரில் உதறுகிறது" என்று இருக்க வேண்டும். ஸ்கான் பண்ணினால், பிழைக் குறியீடுகளை அழிக்க முன்னர் அந்த அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள். அழித்த பிறகு இயந்திரமும் "குறை இல்லை" என்றுதான் சொல்லும். வெளியே எடுக்கும்போது நீட்டப்படும் தாளில் "திருப்தி" என்று அச்சடித்திருந்தால், கையெழுத்துக்கு மேலே "குறை தொடர்கிறது" என்று கையால் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. உதறலைக் கைபேசியில் காணொளியாக எடுத்து, அதே நாளில் டீலரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பி வையுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்துக்குப் பிறகு இத்தகைய பதிவுகளை வெறும் கைபேசிக் குப்பை என்று தள்ளிவிட முடியாது.

அத்தானுக்கு நான் செய்து கொடுத்தது ஒரு பக்கக் கடிதம். வாங்கிய திகதி, பில் இலக்கம், சஸ்ஸி இலக்கம், போன நாட்கள், வட்ஸ்அப் செய்திகளின் திகதிகள், என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும். பதினான்கு நாள் அவகாசம் என்று எழுதலாம். எங்களுக்கு அவ்வளவு நாள் மிச்சமில்லை, ஐந்து நாள் கொடுத்தோம். பதிவுத் தபாலில் டீலருக்கும், ஏக முகவரின் தலைமை அலுவலகத்துக்கும் போனது. பதில் வரவில்லை. எண்பத்தோராம் நாள் கொழும்பு 2, வொக்ஷோல் வீதியில் உள்ள அதிகாரசபையின் தலைமை அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கினோம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். ஆனால் அழைப்பை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், சட்டம் கேட்பது எழுத்தை.

"எங்களுக்கு ஏன் இந்த வில்லங்கம்?"

கடிதம் எழுதுவதைவிட அத்தானைக் கையெழுத்து வைக்கச் சம்மதிக்க வைப்பது கடினமாக இருந்தது. "உனக்கென்ன தம்பி, பேரும் அட்ரஸும் அரசாங்கத்திட்டக் குடுத்திட்டு ஆர் ஓடித்திரியிறது?" என்றார். இதைக் கேலி செய்ய என்னால் முடியாது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் இருந்த தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பொலிஸ் பதிவுத் துண்டோடு வாழ்ந்த அந்த வருடங்களில், அரச அலுவலகத்தில் பெயர் கொடுப்பது என்றால் சந்தேகப் பட்டியலில் பெயர் ஏறுவது என்றுதான் உடம்பு பழகியது. அந்தப் பழக்கத்தின் இலாபம் இன்று கார் டீலருக்குப் போகிறது.

மொழி இன்னொரு தடை. விற்பனை ஒப்பந்தமும் வாரண்டிப் புத்தகமும் அத்தானுக்கு ஆங்கிலத்தில் கிடைத்தன, ரசீதின் பின்பக்கம் சிங்களத்தில் இருந்தது. தனியார் டீலர் தமிழில் தர வேண்டும் என்று நாம் அரசியலமைப்பைக் காட்ட முடியாது. ஆனால் அதிகாரசபை அரச நிறுவனம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. எங்கள் முறைப்பாடு தமிழில்தான் போனது. இணைப்புகளின் தலைப்புகளை மட்டும் ஆங்கிலத்திலும் எழுதினோம். அது உரிமைப் பிரச்சினை அல்ல, கோப்பு விரைவாக நகர வேண்டும் என்ற கணக்கு.

விசாரணைக்கு அழைப்பு வந்தது. டீலர் சார்பில் வந்தவர் முதல் பத்து நிமிடத்திலேயே கியர்பொக்ஸை மாற்றித் தரச் சம்மதித்தார். புதிய பாகத்துக்கு அன்றிலிருந்து வாரண்டி என்பதையும் எழுத்தில் தந்தார்கள். கார் ஓடாமல் நின்ற நாட்களின் வருமானம் கிடைக்கவில்லை. நாட்குறிப்பும் வாடகைப் பதிவும் ஒழுங்காக இருந்திருந்தால் அதையும் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

மூன்று மாதம் கடந்துவிட்டால்

அப்போது மிஞ்சுவது நீதிமன்றம். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. மோட்டார் கார் இந்தத் தீவுக்கு வருமுன், இங்கிலாந்தின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அதன் 15 ஆம் பிரிவு, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் உள்ளே வைக்கிறது. அதில் ஒரு கண்ணி உண்டு: வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. டெலிவரி நாளில் பூசை, தேங்காய், புகைப்படம் என்ற அவசரத்தில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்து வைக்கும் முன் பகல் வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கீறலும் பெயின்ற் வித்தியாசமும் அந்தத் தாளிலேயே ஏற வேண்டும்.

"எந்தப் பொறுப்பும் ஏற்கமாட்டோம்" என்ற சிறிய எழுத்து வரியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் சட்டம் இத்தகைய வரிகளின் பல்லைப் பிடுங்குகிறது. எழுத்து ஒப்பந்தம் மீதான வழக்குக்குப் பொதுவாக ஆறு வருடம் உண்டு, எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று. ஆனாலும் புதுக்கடை நீதிமன்றத்தில் ஒரு சிவில் வழக்கு எவ்வளவு காலம் இழுபடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

புதுக் காரே கேட்கலாமா, பாகம் மாற்றினால் போதுமா என்பதில் அயல்நாட்டுத் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் உள்ளன. மாருதி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2006 இல், வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றுவது என்றுதான் இருந்தால் முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. அதே நீதிமன்றம் 2022 இல், விபத்தின்போது எயார்பேக் விரியாத ஹூண்டாய் கிரெட்டா ஒன்றுக்கு, காரை மாற்றிக் கொடுக்கும் உத்தரவை உறுதி செய்தது. இந்தத் தீர்ப்புகள் இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. என் அபிப்பிராயம்: உயிராபத்தான குறை என்றால் மாற்றுக் காரையே கேளுங்கள். மற்றவற்றில் பாகத்தையும் நீட்டித்த வாரண்டியையும் எழுத்தில் வாங்குவது கைக்கு எட்டும் பலன்.

"புதுசு" என்று எதைச் சொல்கிறார்கள்?

எங்கள் ஊர்ப் பேச்சில் "புதுசு" என்பது பல நேரம் இலங்கையில் பதியப்படாத கார். ஜப்பானில் ஓடி, ஏலத்தில் வாங்கி, கார் சேலில் மினுக்கி நிற்கும் ரீகண்டிஷன் வாகனத்துக்கும் அதே பெயர். அதை உற்பத்தி நிறுவனத்தின் ஏக முகவர் விற்காதபோது, வாரண்டி அந்த யார்ட்காரரின் வாய்ச்சொல் மட்டுமாக இருக்கலாம். ஏலத் தாளையும் ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழையும் சஸ்ஸி இலக்கத்தோடு ஒப்பிடுங்கள், கிலோமீற்றரையும் பாருங்கள். முகவரிடம் எடுக்கும்போதும் தயாரித்த வருடத்தைக் கேட்பது நல்லது. கோவாவில் 2011 மொடல் புதுக் காருக்குப் பணம் கட்டிய ஒருவருக்கு, அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிய 2009 மொடலை டீலர் கொடுத்தார். 2021 இல் இந்திய உச்ச நீதிமன்றம் உற்பத்தியாளரான டாட்டா மோட்டார்ஸை அதிலிருந்து விடுவித்தது. டீலர் செய்தது உற்பத்தியாளருக்குத் தெரியும் என்று நிரூபிக்கவில்லை என்பது காரணம். பொறுப்பு டீலரிடம் நின்றது. கடிதத்தில் இருவரையும் ஆரம்பத்திலிருந்தே சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

லீசிங் பற்றி ஒன்று. கார் பழுது என்ற கோபத்தில் தவணையை நிறுத்துபவர்களைக் கண்டிருக்கிறேன். வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருப்பது லீசிங் கொம்பனி. தவணை நின்றால் அவர்கள் பழுதைப் பார்க்காமல் வாகனத்தைத் தூக்குவார்கள், பிறகு டீலரிடம் காட்ட உங்களிடம் காரே இருக்காது. தவணையைக் கட்டிக்கொண்டே, டீலருக்கு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் லீசிங் கிளைக்கு அனுப்புங்கள். டீலருக்குத் தொடர்ந்து வியாபாரம் கொடுப்பவர்கள் அவர்கள். அவர்கள் எடுக்கும் ஒரு தொலைபேசி அழைப்புக்கு நம் பத்துக் கடிதத்தின் பலம் இருக்கும்.

பில் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கனடாவில் இருப்பவர் பெயரில் வாங்கி, இங்கே தம்பி ஓட்டும் கார்கள் நிறைய உண்டு. முறைப்பாடு வாங்கியவர் பெயரில் போக வேண்டும். அவர் இங்கே இல்லையென்றால், சார்பில் நடவடிக்கை எடுக்க அற்றோணித் தத்துவம் முடித்து அனுப்பச் சொல்லுங்கள். அது தூதரகம், நொத்தாரிஸ், தபால் என்று கிழமைகள் எடுக்கும் வேலை, மூன்று மாதக் கணக்கோ அதற்காக நிற்காது. முறைப்பாடு கொடுத்த பிறகு மாதக்கணக்கில் பதில் இல்லாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்பின் நிலையைக் கேட்டு அதிகாரசபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். அதையும் தமிழில் கொடுக்கலாம்.