ஹை ஜாலியும் ஒட்டகப் பட்டாளமும்

அரிசோனாவில் குவார்ட்ஸைட்னு ஒரு ஊர். பீனிக்ஸிலிருந்து 10ஆம் நம்பர் நெடுஞ்சாலையைப் பிடிச்சு மேற்கே ரெண்டு மணி நேரம் ஓட்டினா வரும். சுத்தியும் பாலைவனம். 2020 கணக்கெடுப்புல மொத்த ஜனத்தொகை 2,413. நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ்லயே அதைவிடப் பசங்க ஜாஸ்தி. ஆனா ஜனவரியில போய்ப் பாருங்க, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் வெள்ளை வெள்ளையா வண்டிங்க. எல்லாம் ஆர்.வி. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாத்தையும் ஒரு பஸ்ஸுக்குள்ள அடைச்ச மாதிரி நடமாடும் வீடு. உள்ள இருக்கறது முக்கால்வாசி ரிட்டயர் ஆன ஜோடிங்க. வடக்கே பனி கொட்டற மாநிலங்கள்லேர்ந்து வெயில் காய வர்ற கோஷ்டி.

போன ஜனவரியில நானும் போயிருந்தேன். கூப்பிட்டது எங்க டீம்ல முன்னாடி இருந்த ஒரு பெரியவர். நான் ஆன்சைட் வந்த புதுசுல அவர்கிட்டதான் மூணு மாசம் கே.டி. வாங்கினேன். (கேடி இல்லீங்க, நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர்!) அவர் 28 வருஷமா கட்டி மேய்ச்ச கோபோல் ப்ரோக்ராம்கள். பொறுமையா சொல்லிக் குடுத்தார். செந்தில்நாதன்ங்கற என் பேரை 'சென்'னு வெட்டினதும் அவர்தான். நான் கத்துக்கிட்டு முடிச்ச மாசமே அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்போ வயசு 61. அவரும் மனைவியும் வீட்டை வித்து ஒரு பழைய ஆர்.வி. வாங்கிட்டாங்க. அதான் போறதுக்கே எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருந்தது. அந்தம்மா என்னடான்னா நான் சைவம்னு ஞாபகம் வெச்சு பீன்ஸ் சூப் பண்ணி வெச்சிருந்தாங்க.

ஊருக்குத் தெற்கே லா போஸான்னு ஒரு இடம், 11,400 ஏக்கர் அரசாங்க நிலம். அங்கதான் இவங்க வண்டி நின்னுது. மத்திய அரசு நில நிர்வாகத் துறை 1983ல ஆரம்பிச்ச ஏற்பாடு இது. செப்டம்பர் 15லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும், ஏழு மாசம் தங்கிக்கலாம். பல வருஷமா இதுக்குக் கட்டணம் 180 டாலராத்தான் இருந்துச்சு. மாசத்துக்கு இல்லீங்க, மொத்த சீசனுக்கும்! வண்டிக்குக் கரண்ட் கனெக்ஷன், தண்ணிக் குழாய் எதுவும் கிடையாது. கூரை மேல சோலார் பேனல், தண்ணி நாமளே போய்ப் பிடிச்சுக்கணும், கழிவுத் தொட்டி நிறைஞ்சா அதுக்குன்னு இருக்கற இடத்துல கொண்டுபோய்க் கொட்டணும். ஜாலியா ஊர் சுத்தறாங்கன்னு நெனச்சுட்டுப் போனேன். வாடகை குடுக்க முடியாம வந்தவங்களும் இதுல நிறையப் பேர்னு அங்க போனப்புறம்தான் புரிஞ்சுது.

ஊர் பேரே ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்னு சொல்றாங்க. குவார்ட்ஸைட்ங்கற பாறைப் பேரை வெக்கப் போய், தபால் இலாகா நடுவுல ஒரு 'எஸ்' சேர்த்துடுச்சாம். அதுக்கு முன்னாடி டைசன்ஸ் வெல்ஸ்னு குதிரைக் கோச் வண்டிங்க தண்ணிக்கு நிக்கற இடமா இருந்திருக்கு. 1967ல ஊர்க்காரங்க கல் கண்காட்சி ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ரத்தினக்கல், பாறை, புதைபடிவம் வாங்க விக்க ஆளுங்க வர ஆரம்பிச்சு, அது பெருசாகித்தான் இந்த ஜனவரித் திருவிழா. பால் வைனர்னு ஒருத்தர் ஏறக்குறைய பிறந்தமேனிக்கு உக்காந்து பழைய புஸ்தகக் கடை நடத்தி உலகம் பூரா ஃபேமஸ் ஆனார். 2019ல காலமாயிட்டார். பார்க்க முடியலையேன்னு வருத்தப்படறதா, தப்பிச்சேன்னு நெனைக்கறதான்னு தெரியல.

சரி, மேட்டருக்கு வருவோம். ரெண்டாம் நாள் காலையில பெரியவர் என்னை ஊர்க் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனார். நடுவுல கல்லால கட்டின ஒரு குட்டி பிரமிட், உச்சியில செப்புத் தகட்டுல ஒரு ஒட்டகம். அரிசோனாவுல ஒட்டகமான்னு முழிச்சேன். அடியில இருக்கறவர் பேர் 'ஹை ஜாலி'. நிஜப் பேர் ஹாஜி அலி. பம்பாய் தர்கா ஞாபகம் வருதா? அதே பேர்தான். அமெரிக்க சிப்பாய்ங்க வாய்ல நுழையாம ஹை ஜாலி ஆயிட்டார்.

கதை இதுதான். 1848ல மெக்ஸிகோகிட்டேர்ந்து தென்மேற்குப் பகுதி அமெரிக்கா கைக்கு வந்துச்சு. பூரா வறண்ட நிலம், ரயில் கிடையாது. ராணுவச் சாமான் கொண்டுபோற கோவேறு கழுதைங்க தண்ணியில்லாம செத்து விழுந்துச்சு. அப்போ போர்த்துறை மந்திரி ஜெஃபர்ஸன் டேவிஸ். ஒட்டகம் வாங்கலாம்னு விடாம நச்சரிச்சு, 1855 மார்ச்சுல பார்லிமெண்டுல 30,000 டாலர் வாங்கிட்டார். சப்ளைங்கற கப்பல் மத்தியதரைக் கடல் பக்கம் போய் ஒட்டகம் வாங்கி, 1856 மே 14ல டெக்ஸாஸ்ல 34 ஒட்டகத்தை இறக்குச்சு. இன்னொரு நடை போய் 1857 பிப்ரவரி 10ல இன்னும் 41. ஒட்டகம் வந்தா போதுமா, அதை மேய்க்க, சுமை கட்டத் தெரிஞ்ச ஆள் வேணுமே? துருக்கி, சிரியா பக்கத்துலேர்ந்து ஆளுங்களையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்தாங்க. அதுல ஒருத்தர்தான் நம்ம ஹாஜி அலி. இன்னிக்கு பாஷையில சொன்னா, ஸ்பெஷல் ஸ்கில் உள்ள கான்ட்ராக்ட் ரிசோர்ஸ்.

கல்லறைப் பலகையில அவர் வந்த தேதின்னு 1856 பிப்ரவரி 10 போட்டிருக்கு. எனக்கு இடிச்சுது. அன்னிக்கு முதல் கப்பல் துருக்கியிலேர்ந்தே கிளம்பல. ரெண்டாவது கப்பல் வந்தது அதே தேதி, ஆனா அடுத்த வருஷம். என் அனுமானம், யாரோ ஒரு வருஷம் தப்பா எழுதிட்டாங்க. எங்க ஃபீல்டுல இதுக்கு ஆஃப் பை ஒன் எர்ரர்னு பேர். பெரியவர்கிட்ட சொன்னேன், சத்தம் போட்டுச் சிரிச்சார்.

ப்ராஜெக்ட் தோல்வின்னு நெனைக்காதீங்க. 1857ல எட்வர்ட் பீல்ங்கற அதிகாரி 25 ஒட்டகத்தோட, இந்த ஊருக்கு ரொம்ப வடக்கே, நியூ மெக்ஸிகோலேர்ந்து கொலராடோ ஆறு வரைக்கும் புது ரோடு போட வழி அளந்தார். அஞ்சு கோவேறு கழுதையைச் சமாளிக்கறதுக்கு இருபது ஒட்டகத்தைச் சமாளிக்கலாம்ங்கற அளவுக்கு அவர் ஒட்டகக் கட்சி ஆயிட்டார். அவர் அளந்த தடத்தை ஒட்டித்தான் பிற்பாடு ரயிலும், பிரபலமான 66ஆம் நம்பர் ரோடும் வந்துச்சு. 1858ல அடுத்த போர்த்துறை மந்திரி இன்னும் 1,000 ஒட்டகம் வாங்கலாம்னு கேட்டார். பார்லிமெண்ட் கண்டுக்கல.

அப்புறம் 1861ல உள்நாட்டுப் போர். ஒட்டகத்தைக் கொண்டுவந்த டேவிஸ் யார்ங்கறீங்க? எதிர்ப்பக்கம் போய் தெற்கு மாநிலங்களுக்கு ஜனாதிபதி ஆயிட்டார். ப்ராஜெக்ட் ஸ்பான்ஸரே எதிர்க் கம்பெனிக்குப் போயிட்டா அந்த ப்ராஜெக்ட் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். போதாததுக்கு ஒட்டக வாசனை பட்டாலே குதிரையும் கழுதையும் மிரண்டு ஓடுச்சு, கழுதைக்காரங்களுக்கும் ஒட்டகம்னாலே ஆகல. 1864ல கலிஃபோர்னியாவுலயும், 1866ல டெக்ஸாஸ்லயும் ஒட்டகங்களை ஏலம் போட்டு முடிச்சாங்க.

ஹாஜி அலிக்கு அப்போ வயசு நாப்பதை நெருங்கிடுச்சு. தெரிஞ்ச வேலை ஒண்ணு, அந்த வேலையோ நாட்டுலயே இல்ல. சில ஒட்டகத்தை வெச்சு சரக்கு ஏத்தற தொழில் பண்ணிப் பார்த்தார், ஓடல. ஒட்டகங்களைப் பாலைவனத்துல அவுத்து விட்டுட்டார். 1880ல ஃபிலிப் டெட்ரோங்கற பேர்ல குடியுரிமை வாங்கி, கல்யாணமும் பண்ணிக்கிட்டார். 1885ல ராணுவம் திரும்ப வேலை குடுத்துச்சு. என்ன வேலை? கோவேறு கழுதை மேல சுமை கட்டற வேலை. கடைசிக் காலத்துல இந்த ஊருக்கு வந்து, தங்கம் கிடைக்குமான்னு மலையைத் தோண்டிட்டு இருந்தார். 1902 டிசம்பர் 16ல இறந்தார். கடைசி ஒட்டகத்தோட கழுத்தைக் கட்டிப் பிடிச்சபடி செத்துக் கிடந்தார்னு ஒரு கதை உண்டு. நம்பறதுக்கு நல்லா இருக்கு, நான் நம்பல. இந்த பிரமிட்டை 1935ல மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டுச்சு, ஆள் போய் 33 வருஷம் கழிச்சு.

திரும்பி வர்றப்போ பெரியவர் கார்ல ஒண்ணும் பேசல. வண்டி பக்கத்துல வந்து இறங்கினப்புறம், அந்த ராத்திரி பில்லிங் ஜாப் இன்னும் ரெண்டு மணிக்குத்தான் ஓடுதான்னு கேட்டார். அவர் எழுதினது. அதைப் போன அக்டோபர்லயே நிறுத்தியாச்சு. நிறுத்தற ஸ்க்ரிப்ட்டை ஓட்டினதே நான்தான்.

ஓடுதுன்னு சொன்னேன். அந்தம்மா உள்ளேர்ந்து காபி ரெடின்னு கூப்பிட்டாங்க.